நேர்கோட்டில் விழுந்த நான்கு புள்ளிகள்

சீடருக்கு வயது நாற்பத்தொன்பது. ஆசிரியைக்கு நாற்பத்தொன்று.

சீடரின் பெயர் சவரிமுத்து. பத்தொன்பது வருடம் ஒரு பாலிடெக்னிக்கில் கணக்கு நடத்தியவர். எதையும் லேசில் நம்பமாட்டார். அறுபது அசைன்மென்ட் நோட்டுகளை அவர் முன்னால் அடுக்கினால், யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார். சரியான விடைகளைப் பார்க்கவே மாட்டார். தப்புகளைத்தான் பார்ப்பார். சரியான விடை எல்லோருக்கும் ஒரே மாதிரி வரும். ஒரே தப்பு இரண்டு பேருக்குத் தானாக வராது.

சந்தேகம் முற்றினால் கரும்பலகையில் வேண்டுமென்றே ஒரு எண்ணை மாற்றி எழுதிப்போடுவார். அந்த எண் எந்தெந்த நோட்டில் போய் உட்காருகிறது என்று காத்திருப்பார்.

அப்படிப்பட்டவருக்கு வெகுநாளாக ஓர் ஆசை. முனைவர் பட்டம் வாங்க வேண்டும். படிப்பு விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு, வைகை அணைக்குப் போகிற சாலையில் இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் போய்ச் சேர்ந்தார். பேராசிரியை அஞ்சுகத்திடம் இடம் கிடைத்தது.

அஞ்சுகம் அதிகம் பேசுகிறவர் இல்லை. சவரிமுத்துவை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார். சவரிமுத்துவுக்கு அவர் ‘மேடம்’.

முதல் நாள் சவரிமுத்து கேட்டார்.

“நிஜ உலகம் கட்டம் கட்டமாவா இருக்கு மேடம்?”

“இல்ல சார்.”

“பிறகு எதுக்குக் கட்டம் போட்டுக் கணக்குப் பண்றோம்?”

“கட்டம் போடாட்டி கம்ப்யூட்டருக்குப் புரியாது.”

“அப்போ விடையில கட்டத்தோட கறை ஒட்டிக்கிட்டு வருமே?”

“வரும்.”

“அதை எப்படிப் போக்குறது?”

“கட்டத்தைச் சின்னதாக்கணும். இன்னும் சின்னதாக்கணும். விடை எங்க போய் நிக்கப்பாக்குதுன்னு கவனிக்கணும்.”

“கட்டமே இல்லாம ஒரு தடவை போட்டுப் பாத்துட்டா வேலை முடிஞ்சுதே?”

“முடியாது சார்.”

சவரிமுத்துவுக்கு அது பிடிக்கவில்லை. கடைசிவரை போய்ப் பார்க்க முடியாத ஒன்றைப் பற்றி எப்படி அடித்துச் சொல்வது?

அவர் எடுத்துக்கொண்ட கணக்குக்கு நீளமான பெயர் உண்டு. நேரிலாச் சிக்மா மாடல் என்பார்கள். ஒரு சதுரக் கட்டம். கோடுகள் சந்திக்கும் ஒவ்வொரு முனையிலும் ஓர் அம்பு. அம்பின் நீளம் மாறாது. திசை மட்டும் எப்படி வேண்டுமானாலும் திரும்பும். ஒவ்வோர் அம்பும் பக்கத்து அம்போடு ஒத்துப்போகப் பார்க்கும். முழுக்க ஒத்துப்போகவும் செய்யாது. இந்த அம்புக் கூட்டத்திலிருந்து ஓர் எண்ணைக் கறந்தெடுக்க வேண்டும். கட்டத்தை நுணுக்கிக்கொண்டே போனால் அந்த எண் எங்கே போய் நிற்கிறது என்பதுதான் கேள்வி.

இதில் ஒரு வசதி இருந்தது. கணினி இல்லாமல், கையால் போட்ட வேறொரு கணக்கின் வழியாகத் துல்லியமான விடை ஏற்கெனவே தெரியும். 1.2612. கட்டத்தின் வழியாகப் போனாலும் அதே இடத்துக்கு வந்து சேர வேண்டும்.

இரண்டு வருடத்துக்கு மேல் உழைத்து சவரிமுத்து நான்கு கட்டங்களுக்கு எண் எடுத்தார். ஒன்றைவிட ஒன்று நுணுக்கமானது. ஒவ்வொன்றையும் மூன்று முறை ஓட்டிப் பார்த்த பிறகே எழுதினார். நான்காவது கட்டத்தின் எண் 1.2691. கடைசி இலக்கத்தில் ஒன்று கூடலாம், ஒன்று குறையலாம். அதற்குமேல் பிழை இல்லை.

நான்கு புள்ளிகளையும் கிராஃப் தாளில் வைத்து அடிக்கோலைப் பிடித்தார். நூல் பிடித்தமாதிரி ஒரே கோட்டில் விழுந்தன. கோட்டை இழுத்துக்கொண்டு போனால் நேராக 1.2612.

தாளை எடுத்துக்கொண்டு ஆசிரியையின் அறைக்குப் போனார். முகத்தில் சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஆசிரியை வெகுநேரம் தாளைப் பார்த்தார்.

“ஏன் சார் நேர்கோடு?”

“புள்ளிங்க அப்படித்தான் விழுது மேடம்.”

“கட்டம் பாதியானா கறை நாலில் ஒண்ணாகணும். வர்க்கமாக் குறையணும். அதுதானே கோட்பாடு? இது பாதிதான் ஆகுது.”

“ஆனா விடை சரியா வருதே?”

“அதான் எனக்குப் பிடிக்கல.”

சவரிமுத்துவின் சிரிப்பு போய்விட்டது.

“வர்க்கம்னு வச்சுக் கோட்டை வளைச்சா விடை தப்பிப்போகுது மேடம். நேர்கோடுன்னா பொருந்துது.”

“தப்பான வழியில வந்து சரியான வீட்டுக் கதவைத் தட்டுறவரை என்னன்னு நினைக்கிறது?” ஆசிரியை தாளைத் திருப்பிக் கொடுத்தார். “கட்டுரை இப்போ வேணாம். இன்னும் நுணுக்கமான கட்டம் ஒண்ணை ஓட்டுங்க. இந்த நாலையும் இன்னும் நீளமா ஓட்டிப் பாருங்க. மூல ஃபைலைப் பொது ஃபோல்டர்ல போட்டு வைங்க.”

“நாலஞ்சு மாசம் ஆகுமே மேடம். விடுப்பு முடிய ஏழு மாசம்தான் இருக்கு.”

“ஆகட்டும்.”

அறையை விட்டு வெளியே வந்தபோதே அவருடைய பழைய குணம் தலைதூக்கிவிட்டது. விடை சரியாக வந்திருக்கிறது. கட்டுரை வேண்டாம் என்கிறார். ஃபைலை மட்டும் கேட்கிறார். ஏன்?

அந்த வாரமே கேண்டீனில் நவநீதன் எதிரே வந்து உட்கார்ந்தார். நிலையத்தின் கணினி அறையைப் பார்த்துக்கொள்பவர். நாற்பது இயந்திரங்களின் சத்தத்துக்கு நடுவே வேலை செய்கிறவர் என்பதால் வெளியே வந்தால் பேசித் தீர்ப்பார்.

“உங்களுக்கு முன்னாடி இருந்தவர் கதை தெரியுமா சார்? தீர்த்தகிரின்னு ஒருத்தர். நல்ல மூளை. நாலு வருஷம் மேடம்கிட்ட இருந்தாரு. பட்டம் வாங்காமலே போயிட்டாரு. அவர் வேலை பாத்த விஷயம் பேப்பரா வந்துது. அதுல மேடம் பேர் மட்டும்தான் இருந்துது.”

“நிஜமாவா?”

“எல்லாருக்கும் தெரியுமே.”

சவரிமுத்து மேற்கொண்டு சாப்பிடவில்லை.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் ஒரே பக்கமாகத்தான் கை காட்டியது. அவர் உள்ளே நுழைந்தால் ஆசிரியை லேப்டாப்பின் மூடியைச் சாய்த்தார். திறந்தே கிடக்கிற கதவு இப்போதெல்லாம் சாத்தியிருந்தது. ஒருநாள் சர்வரில் எந்தெந்த வேலைகள் ஓடுகின்றன என்ற பட்டியலைத் திறந்து பார்த்தார். அஞ்சுகத்தின் லாகினில் நான்கு வேலைகள் ஓடிக்கொண்டிருந்தன. சவரிமுத்து எடுத்த அதே நான்கு கட்ட அளவுகள்.

நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். இதற்குமேல் என்ன வேண்டும்?

போய்க் கேட்டிருக்கலாம். கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவார் என்று தோன்றியது. பத்தொன்பது வருடம் கைகொடுத்த வழி ஒன்று அவரிடம் இருந்தது.

நீளமாக ஓட்டிய கணக்கு முடிந்தபோது, நான்காம் கட்டத்துக்கு அதே 1.2691தான் வந்தது. ஐந்தாவது கட்டம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. பொது ஃபோல்டரில் வைத்த ஃபைலில் அவர் 1.2697 என்று அடித்தார். உண்மையான எண்ணைத் தன் டைரியில் குறித்துக்கொண்டார்.

இனி அந்த ஏழு யாருடைய கட்டுரையில் தலைகாட்டுகிறது என்று பார்த்தால் போதும்.

பத்து வாரம் காத்திருந்தார்.

அந்தப் பத்து வாரமும் ஆசிரியையின் முகம் நாளுக்கு நாள் வாடியது. கூட்டங்களைத் தள்ளிப்போட்டார். ஒருமுறை வராந்தாவில் எதிரே வந்தவர், ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமலே போனார். குற்றம் உறுத்துகிறது என்று சவரிமுத்து நினைத்துக்கொண்டார்.

ஒரு திங்கட்கிழமை காலை ஆசிரியை கூப்பிட்டனுப்பினார்.

மேசைமேல் ஒரு தடித்த நோட்டு இருந்தது. பக்கத்தில் அச்செடுத்த ப்ரோகிராம். எண்பது பக்கம் இருக்கும்.

“உக்காருங்க சார். ஒரு உதவி.”

“சொல்லுங்க மேடம்.”

“உங்க நாலு எண்ணையும் சரிபார்க்க நான் தனியா ஒரு ப்ரோகிராம் எழுதினேன். உங்க ப்ரோகிராம்ல ஒரு வரியைக்கூட எடுக்கல. முறையே வேற. மூணு எண் உங்களோட ஒத்துப்போகுது. நாலாவது ஒத்துப்போகல.”

சவரிமுத்து நாற்காலியை முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டார்.

“உங்களுக்கு 1.2697. எனக்கு 1.2691. பத்து வாரமா என் தப்பைத் தேடுறேன். கிடைக்கல.” ஆசிரியை நோட்டையும் தாள்களையும் அவர் பக்கம் தள்ளினார். “இன்னொருத்தர் தப்பைக் கண்டுபிடிக்கிறதுல நீங்க கெட்டிக்காரர்னு சொல்வாங்க. என் தப்பு எங்க இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க.”

“என் எண்ல தப்பு இருக்கக்கூடாதா மேடம்?”

“மூணு தடவை ஓட்டாம நீங்க எழுத மாட்டீங்களே.”

அவர் நோட்டை எடுத்துக்கொண்டு தன் அறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

முதலில் வந்தது வெட்கம் இல்லை. சந்தேகம்தான். இவருக்குத் தெரிந்துவிட்டது. ஏழு என்ற அந்த இலக்கத்தைப் பார்த்தவுடனே கண்டுபிடித்திருக்கிறார். நான் மாணவர்களுக்கு வைக்கிற கண்ணியை எனக்கே வைக்கிறார். நானாக வந்து காலில் விழ வேண்டும் என்று காத்திருக்கிறார்.

யாரிடம் விசாரிப்பது? தீர்த்தகிரியின் போன் நம்பரை நவநீதனிடம் வாங்கினார். ஓசூரில் ஒரு கம்பெனியில் இருந்தார் தீர்த்தகிரி. சவரிமுத்து தன்னை இன்னார் என்று சொல்லிவிட்டு, கேள்விப்பட்டது உண்மையா என்று நேரடியாகவே கேட்டார்.

மறுமுனையில் சிரிப்புச் சத்தம்.

“அந்தப் பேப்பர்ல என் பேர் இல்ல சார். வாஸ்தவம். அது என்ன பேப்பர்னு படிச்சீங்களா?”

பூட்டிய கதவை மூன்று தடவை இழுத்துப் பார்க்கிற மனிதர் சவரிமுத்து. அந்தப் பேப்பரை எடுத்துப் படிக்க அவருக்குத் தோன்றவே இல்லை.

“அதுக்கு முன்னாடி ரெண்டு பேர் பேர்லயும் வந்த விடை தப்புன்னு ஒத்துக்கிட்ட பேப்பர் அது. தப்பு என்னோடது. பேர் அவங்களோடது.”

“அப்போ அவங்க மேல உங்களுக்கு வருத்தம் ஏதும் இல்லையா?”

“ஏன் இல்லாம? எட்டு மாசம் என்னைத் தேட விட்டாங்க. தப்பு எந்த வரியில இருக்குன்னு முதல் வாரத்துலயே அவங்களுக்குத் தெரியும்னு எனக்கு இன்னைக்கும் தோணும். கேட்டா, தெரியாதுன்னுதான் சொன்னாங்க.”

“நீங்க நம்பினீங்களா?”

“கிளம்பி வந்துட்டேன் சார்.”

போனை வைத்தபோது சவரிமுத்துவின் சந்தேகம் தீரவில்லை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. ஒரு பழி விலகியது. இன்னொன்று வந்து உட்கார்ந்தது. தெரிந்துகொண்டே தேட விடுகிறவர். என்னையும் அப்படித்தான் விட்டிருக்கிறார்.

தட்டச்சுப் பிழை என்று சொல்லிவிட்டால் முடிந்தது. கை தவறி அழுத்திவிட்டேன் என்று சொன்னால் யார் மறுக்க முடியும்? சொல்லிவிடலாம் என்று முடிவுசெய்துகொண்டு, சும்மா நோட்டைப் புரட்டினார்.

நாள்தோறும் தேதி போட்டு எழுதியிருந்தது. அவருக்குப் பழகிய வேலை. நடிப்பு நோட்டா, நிஜ நோட்டா என்று பார்க்கத் தொடங்கினார். வரிசையாக, ஒழுங்காக, சுத்தமாக இருந்தால் அது பிறகு உட்கார்ந்து எழுதியது. அவர் எத்தனை நோட்டுகளில் பார்த்திருக்கிறார்!

இது சுத்தமாக இல்லை. ஒரே சோதனையை ஆசிரியை மறந்துபோய் இரண்டு முறை செய்திருந்தார். நடுவில் நான்கு நாள் காய்ச்சல் என்று ஒரு வரி. ஒரு பக்கத்தில் காபிக் கறை.

மார்ச் ஒன்பதாம் தேதிப் பக்கத்தில் எழுத்து பெரிதாக இருந்தது. ‘பக்கத்து அம்புகளைக் கூட்டுகிற இடத்தில் ஓரத்தை விட்டுவிட்டேன். கிடைத்துவிட்டது!’ கீழே இரண்டு கோடு.

மார்ச் பத்தாம் தேதி. ‘விடவில்லை. சரியாகத்தான் இருக்கிறது. நான்தான் தப்பாகப் படித்தேன்.’

அதற்குக் கீழே சிறிய எழுத்தில் இன்னொரு வரி. ‘நீளமாக ஓட்டியதும் சாரின் எண் பழைய கோட்டை விட்டு விலகி, நான் எதிர்பார்த்த பக்கமாக வளைகிறது. அதை எடுத்துக்கொண்டால் என் வாதம் ஜெயிக்கும். அதனால்தான் பயமாக இருக்கிறது.’

சவரிமுத்து அந்தப் பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பியடித்த நோட்டில் எல்லாத் தப்பும் இருக்கும். கண்டுபிடித்துவிட்டோம் என்று துள்ளிக் குதித்து, மறுநாள் கூனிப்போன தப்பு மட்டும் இருக்காது. அதை அவர் எந்த நோட்டிலும் பார்த்ததில்லை.

தட்டச்சுப் பிழை என்று சொல்ல வாய் வராது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

போய்க் கதவைத் தட்டினார்.

“தப்பு கிடைச்சுதா சார்?”

“கிடைச்சுது மேடம். உங்களோடது இல்ல. என்னோடது.”

ஆசிரியை பேனாவைக் கீழே வைத்தார்.

“எனக்கும் 1.2691தான் வந்துது. வேணும்னே மாத்தி வச்சேன். நீங்க என் எண்ணை எடுத்துக்கிட்டு உங்க பேர்ல போட்டுருவீங்கன்னு நினைச்சேன். போட்டா மாட்டிக்கட்டும்னு…”

“எத்தனை இடத்துல மாத்தினீங்க?”

“ஒரே இடம் மேடம். ஒண்ணை ஏழாக்கினேன்.”

“ஏன் ஏழு?”

சவரிமுத்துவுக்கு அதுதான் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

“ஒண்ணும் ஏழும் எழுதுறப்போ ஒரே சாயல்ல இருக்கும். யாராவது கேட்டா, கண்ணு தப்பிடுச்சுன்னு சொல்லிக்கலாம்னு.”

ஆசிரியை எழுந்து ஜன்னலருகே போய் நின்றார். வெளியே தென்னந்தோப்பில் யாரோ மட்டை இழுத்துக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம் அடங்குகிறவரை அவர் திரும்பவில்லை. திரும்பி வந்தபோது கண்கள் சிவந்திருந்தன. கோபமா, தூக்கமில்லாததா என்று சவரிமுத்துவால் சொல்ல முடியவில்லை.

ஆசிரியை நோட்டை இழுத்து, அன்றைய தேதியைப் போட்டு எழுதினார். ‘தவறு கிடைத்தது. என் ப்ரோகிராமில் இல்லை.’

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா மேடம்?”

“தெரியாது.”

சவரிமுத்து அந்த முகத்தையே பார்த்தார். எதுவும் படிக்கக் கிடைக்கவில்லை.

“வெள்ளிக்கிழமை உங்க ஆராய்ச்சியைப் பாக்குற குழு கூடுது,” என்றார் ஆசிரியை. “நான் சொல்ல மாட்டேன். நீங்க சொல்லணும்.”

சவரிமுத்து சொன்னார். குழுவில் மூன்று பேர். மூத்தவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, எண்ணை மாற்றியவருக்கு இந்த நிலையத்தில் இடமில்லை, இன்றே பெயரை நீக்க வேண்டும் என்றார். இன்னொருவர், வெளியிடாத எண்தானே, எச்சரித்து விட்டுவிடலாம் என்றார். ஆசிரியையைக் கேட்டார்கள்.

“ஒரு எண்ணை மாத்தினவர் எழுதின மத்த மூணும் எனக்கு வேணாம். மூணும் சரின்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் வேணாம். எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்ல இருந்து எடுத்தார்னா நான் வழிகாட்டுறேன். இல்லைன்னா நீங்க சொல்றபடி நீக்கிடுங்க.”

அந்த அறையிலேயே முடிவு சொல்ல வேண்டியிருந்தது. விடுப்பு இனி நீட்டிக்க முடியாது. பாலிடெக்னிக்குக்குத் திரும்பியாக வேண்டும். வயதோ ஐம்பதைத் தாண்டிவிட்டது.

“எடுக்கிறேன்,” என்றார் சவரிமுத்து.

தன் கையாலேயே ஃபைல்களை அழித்தார். இரண்டு வருட உழைப்பு போக அரை நிமிடம்தான் பிடித்தது.

ஜூன் மாதம் பாலிடெக்னிக் திறந்தது. வாரத்தில் ஐந்து நாள் அங்கே பாடம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறி நிலையத்துக்கு வந்து, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்புவார். ப்ரோகிராமை முதல் வரியிலிருந்து புதிதாக எழுதினார். வகுப்பில் கரும்பலகை எண்ணை மாற்றிப்போடும் பழக்கத்தை விட்டுவிட்டார். ஏன் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை.

முதல் கட்டத்துக்கு எண் வந்த சனிக்கிழமை ஆசிரியையிடம் போனார்.

“உங்க நோட்டைக் குடுங்க மேடம். ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டே போறேன். தப்பிருந்தா உடனே தெரிஞ்சிடும்.”

“எல்லாம் முடிஞ்சப்புறம் தரேன்.”

“இன்னும் என்மேல சந்தேகமா மேடம்?”

“இருக்கு.”

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

“என்மேலயும் இருக்கு சார். அதான் உங்க எண்ணை என்கிட்ட காட்டாதீங்கங்கிறேன்.”

“காட்டினா என்ன?”

“நான் இன்னும் அஞ்சாவதை ஓட்டல. பாத்துட்டு ஓட்டினா ஒத்துப்போயிடும்.”

பதினாறு மாதம் ஆனது. இந்தமுறை ஐந்து கட்டங்கள். நாலாவது எண் அவருக்கு மனப்பாடம். அதை மறக்க அவர் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். ஐந்தாவதைப் பார்க்க எந்தத் துணையும் இல்லை. இரண்டு முறை அது துள்ளி விலகியது. இரண்டு முறையும் தன் ப்ரோகிராமில் உண்மையாகவே ஒரு தப்பைக் கண்டுபிடித்தார்.

அக்டோபர் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்தார்கள். சவரிமுத்து தன் எண்களை ஒவ்வொன்றாகப் படித்தார். ஆசிரியை தன் நோட்டிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தார். ஐந்தும் பிழை எல்லைக்குள் ஒத்துப்போயின.

கிராஃப் தாளில் வைத்துப் பார்த்தார்கள். மறுபடியும் நேர்கோடு.

“கோட்பாடு பொய்யா மேடம்?” என்றார் சவரிமுத்து.

ஆசிரியை மேசை இழுப்பறையிலிருந்து ஒரு கட்டுரையை எடுத்தார். கணினியைத் தொடாமல் கையால் கணக்குப் போடுகிற சிலர் வெளியிட்டது. அந்த வாரம்தான் கைக்கு வந்திருந்தது. கறை குறைவது வர்க்கமாகத்தான் என்று அதில் இருந்தது. ஆனால் அந்த வர்க்கத்தோடு ‘லாக்’ என்கிற மடக்கை ஒன்று, தன்னைத் தானே மூன்று முறை பெருக்கிக்கொண்டு, ஒட்டிக்கொண்டு வருகிறது. அதுதான் வளைவை நிமிர்த்தி வைத்திருக்கிறது. கட்டத்தை இன்னும் எவ்வளவோ நுணுக்கினால்தான் வளைவு கண்ணுக்குத் தெரியும்.

புதிய சூத்திரத்தை வைத்துக் கோடு போட்டார்கள். ஐந்து புள்ளிகளையும் தொட்டுக்கொண்டு போய் 1.2612-இல் நின்றது.

சவரிமுத்து இரண்டு கோடுகளையும் மாறி மாறிப் பார்த்தார். ஐந்து புள்ளிகள் இருந்த இடத்தில் இரண்டு கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“அப்போ நான் போட்ட நேர்கோடு தப்புதான்.”

“நாம பாத்த தூரத்துக்கு அது நேர்கோடுதான் சார்.”

“அதுக்கு அப்பால?”

ஆசிரியை தாளை மடித்து அவர் கையில் கொடுத்தார்.

“அதுக்கு அப்பால நீங்களும் போகல. நானும் போகல.”

சவரிமுத்து தாளை டைரிக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் கிளம்பினார்.